உப்புநீர் மீன் தொட்டி வைக்க ஆசையா? முதல் ஆறு வாரம் மீன் வாங்காதீர்கள்!

‘ஃபைண்டிங் நீமோ’ வெளிவந்தது 2003-ல். அன்று பள்ளிக்கூடப் பையோடு அந்தப் படத்தைப் பார்த்த பிள்ளைகள் இன்று மாதச் சம்பளம் வாங்குகிறார்கள். வாடகை வீட்டு ஹாலில் ஒரு மூலை காலியாக இருக்கிறது. இன்ஸ்டாகிராமில் ஒரு ரீல்ஸ் ஓடுகிறது: நீல வெளிச்சம், ஆடும் பவளம், நடுவில் ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட ஒரு சின்ன மீன். ‘நம்ம வீட்டுலயும் ஒண்ணு வச்சா என்ன?’ என்று தோன்றிவிடுகிறது.

அதற்குப் பிறகு நடப்பது பல வீடுகளில் ஒரே கதைதான். சனிக்கிழமை கடைக்குப் போகிறார்கள். தொட்டி, மணல், உப்பு, மோட்டார், இரண்டு கோமாளி மீன் என எல்லாம் ஒரே பில்லில் முடிகிறது. ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் ஊற்றி, உப்பு கலந்து, மீனை விடுகிறார்கள். ஸ்டேட்டஸ் வைக்கிறார்கள். புதன்கிழமை ஒரு மீன் மேலே வந்து மூச்சு வாங்குகிறது. வெள்ளிக்கிழமை இரண்டுமே இல்லை. ‘கடைக்காரன் சீக்கு மீனைத் தலையில கட்டிட்டான்’ என்று திட்டிவிட்டு, அடுத்த சனிக்கிழமை வேறு கடையில் இன்னும் இரண்டு மீன் வாங்குகிறார்கள்.

பெரும்பாலும் அந்த மீனுக்கு எந்தச் சீக்கும் இருந்திருக்காது. அது தன் கழிவிலேயே மூச்சுத் திணறிச் செத்திருக்கும். உப்புநீர் தொட்டி பணக்காரப் பொழுதுபோக்கு, பெரிய டெக்னிக்கல் விஷயம் என்றெல்லாம் சொல்வார்கள். அதில் பாதி உண்மை. ஆனால், முதல் முறை வைப்பவர் தோற்பதற்குப் பணமோ அறிவோ குறைவது முக்கியக் காரணமல்ல, அவசரம்தான் காரணம். மீன் இல்லாத வெறும் தொட்டியை ஆறு வாரம் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா என்பதே இதில் முதல் பரீட்சை. அதில் தேற முடியாதென்றால், மீனை வாங்காமலே இருந்துவிடுவது மீனுக்கும் பர்ஸுக்கும் நல்லது.

மீன் ஏன் நாலாம் நாள் சாகிறது?

மீன் தன் கழிவின் பெரும்பகுதியை செவுள் வழியாக அமோனியாவாக வெளியேற்றுகிறது. தின்னாமல் மிச்சமான தீவனம் அழுகினாலும் அமோனியாதான். கடலில் அது கரைந்து காணாமல் போய்விடும். 100 லிட்டர் கண்ணாடிப் பெட்டியில் அதற்குப் போக்கிடம் கிடையாது.

இயற்கை இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. ஒரு வகை பாக்டீரியா அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் ஓரளவு இருந்தால் மீன் தாங்கிக்கொள்ளும். வாரா வாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் அதுவும் கட்டுக்குள் இருக்கும். இந்தச் சங்கிலிக்குத்தான் நைட்ரஜன் சுழற்சி என்று பெயர். மீன் வளர்ப்பவர்கள் பேச்சில் ‘சைக்கிளிங்’.

சிக்கல் எங்கே என்றால், புதுத் தொட்டியில் இந்த பாக்டீரியா இருக்காது. பாறையிலும் மணலிலும் ஒட்டிப் பெருக அதற்கு நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் மீனை விட்டால், கழிவறை கட்டாத வீட்டில் குடித்தனம் வைத்த கதைதான்.

நன்னீர்த் தொட்டியிலும் இதே சுழற்சிதானே, அங்கே மட்டும் கப்பியும் மோலியும் எப்படித் தாக்குப்பிடிக்கின்றன என்று கேட்கலாம். அதற்குக் காரணம் பி.ஹெச். கடல்நீர் காரத்தன்மை கொண்டது, தொட்டியில் 8.1 முதல் 8.4 வரை இருக்க வேண்டும். பி.ஹெச் 7-லிருந்து 8-க்கு ஏறினால், அமோனியாவில் விஷமாக இருக்கும் பங்கு ஏறக்குறைய 10 மடங்காகிறது. அதே அளவு கழிவு, உப்புநீரில் பல மடங்கு கொடூரமாக வேலை செய்யும். நன்னீரில் மன்னிக்கப்படும் தவறு இங்கே மன்னிக்கப்படாது.

மாவு புளிக்கிற மாதிரிதான்

இட்லிக்கு அரைத்தவுடன் யாரும் ஊற்றுவதில்லை. ராத்திரி முழுக்க மாவு பொங்கணும். அவசரப்பட்டு ஊற்றினால் கல்லுதான் கிடைக்கும். தொட்டியும் அப்படியே. கண்ணுக்குத் தெரியாத ஒரு வேலை உள்ளே நடந்தாக வேண்டும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

• தொட்டியில் பாறை, மணல், உப்புநீர் எல்லாம் வைத்து மோட்டாரை ஓடவிடுங்கள். லைட் தேவையில்லை. போட்டால் பாசிதான் வளரும்.

• பாக்டீரியாவுக்குச் சாப்பாடு வேண்டும். ஒரு சிட்டிகை மீன் தீவனத்தைப் போட்டு அழுகவிடலாம். இல்லாவிட்டால், இதற்கென்றே விற்கும் அமோனியா கரைசலை அளவோடு ஊற்றி 2 பிபிஎம் வரை கொண்டுவரலாம்.

• உறை மோர் மாதிரி, பாட்டிலில் விற்கும் பாக்டீரியாவையும் சேர்க்கலாம். நல்ல பாட்டில் என்றால் நாள் குறையும். ஆனால், ‘ஊத்தினதும் மீன் விடலாம்’ என்ற லேபிளை நம்ப வேண்டாம். டெஸ்ட் கிட் சொல்வதை நம்புங்கள்.

• இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அமோனியா, நைட்ரைட், நைட்ரேட் மூன்றையும் டெஸ்ட் செய்து ஒரு நோட்டில் எழுதுங்கள். முதலில் அமோனியா ஏறி இறங்கும். அடுத்து நைட்ரைட் ஏறி இறங்கும். கடைசியில் நைட்ரேட் மட்டும் ஏறி நிற்கும்.

• 2 பிபிஎம் அமோனியா சேர்த்து, 24 மணி நேரத்தில் அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்தால் தொட்டி தயார். ஏறியிருக்கும் நைட்ரேட்டைக் குறைக்க ஒருமுறை பெரிய அளவில் தண்ணீர் மாற்றிவிட்டு முதல் மீனை யோசிக்கலாம்.

இந்தச் சமயத்திலோ, லைட் போடத் தொடங்கியதுமோ கண்ணாடியிலும் மணலிலும் பழுப்பு நிறத்தில் ஒரு படலம் படியும். பார்க்க அசிங்கமாக இருக்கும். பயந்துபோய் எல்லாவற்றையும் கொட்டிக் கழுவுபவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் வளர்ந்த பாக்டீரியாவும் சாக்கடைக்குப் போய்விடும். அது டயாட்டம் என்ற நுண்பாசி. புதுத் தொட்டி எல்லாவற்றிலும் வரும், பெரும்பாலும் தானாகவே போய்விடும்.

சில கடைகளில் இன்னொரு யோசனை சொல்வார்கள்: ‘முதல்ல ரெண்டு டாம்செல் விடுங்க சார், அது தாங்கும். தொட்டி செட் ஆனதும் நல்ல மீன் விடலாம்.’ டாம்செல் விலை குறைவு என்பதால் அதன் செவுள் எரியாமல் இருந்துவிடாது. தப்பிப் பிழைத்தாலோ, தொட்டி முழுக்கத் தனக்கே சொந்தம் என்று பின்னால் வரும் மீன்களை விரட்டிக் கடிக்கும். தீவனத்தாலேயே முடிகிற வேலைக்கு ஒரு உயிரைப் பணயம் வைக்கத் தேவையில்லை.

பக்கத்துலயே கடல் இருக்கே, ஒரு கேன் பிடிச்சா என்ன?

சென்னை, புதுச்சேரி, தூத்துக்குடியில் இருப்பவர்களுக்கு முதலில் வரும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். ஆனால், கரையோர நீர் வேறு, நடுக்கடல் நீர் வேறு. சென்னையில் கூவமும் அடையாறும் நகரத்தின் கழிவோடு கடலில் கலக்கின்றன. படகு எண்ணெய், வீட்டுக்குக் கொண்டுவருவதற்குள் செத்து அழுகும் நுண்ணுயிர்கள் எல்லாம் அந்த கேனில் இருக்கும். வடகிழக்குப் பருவமழை சமயத்தில் ஆற்று நீர் கலந்து உப்பும் குறைந்துவிடும். ஆராய்ச்சி நிலையங்கள் கடல்நீரைப் பயன்படுத்துகின்றன என்றால், அவர்களிடம் வடிகட்டவும் கிருமி நீக்கவும் வசதி இருக்கிறது. வீட்டு பால்கனியில் அது கிடையாது.

அதனால், மீன் தொட்டிக்கென்று தயாரிக்கப்படும் உப்புதான் முதல் தொட்டிக்குச் சரி. ஒரு லிட்டருக்கு சுமார் 35 முதல் 38 கிராம் தேவைப்படும். சமையல் உப்போ கல் உப்போ ஆகாது. அது பெரும்பாலும் வெறும் சோடியம் குளோரைடு. கடல்நீரில் மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் எல்லாம் ஒரு கணக்கில் கலந்திருக்கின்றன.

கலக்கும் தண்ணீரும் முக்கியம். போர் தண்ணீரில் கரைந்திருப்பது எல்லாம் தொட்டிக்குள் போய்ச் சேரும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். ஆர்ஓ தண்ணீர் வேண்டும். அதிலும் ஒரு நுணுக்கம்: வீட்டுக் குடிநீர் ஆர்ஓ பல மாடல்களில் ருசிக்காகத் தாது உப்பைத் திரும்பச் சேர்க்கும். ஒரு டிடிஎஸ் மீட்டர் வைத்துப் பாருங்கள். பூஜ்யத்தை எவ்வளவு நெருங்குகிறதோ அவ்வளவு நல்லது.

உப்பின் அளவைப் பார்க்க ரிஃப்ராக்டோமீட்டர் என்ற சின்னக் கருவி போதும். ஒரு சொட்டு விட்டுக் கண்ணில் வைத்துப் பார்த்தால் அளவு தெரியும். 35 பிபிடி, அதாவது ஒப்படர்த்தி சுமார் 1.026 இருந்தால் சரி.

புதியவர்கள் அதிகம் சறுக்கும் ஓர் இடம் இருக்கிறது. தொட்டியில் தண்ணீர் ஆவியாகிக் குறைகிறது. குறைந்த அளவுக்கு உப்புநீரை ஊற்றுகிறார்கள். ஆனால், ஆவியாவது தண்ணீர் மட்டும்தான். உப்பு உள்ளேயே இருக்கிறது. தினமும் உப்புநீர் ஊற்றினால் சில வாரத்தில் தொட்டி ஊறுகாய் ஜாடி ஆகிவிடும். ஆவியானதற்கு ஆர்ஓ நன்னீர், மாற்றி ஊற்றும் தண்ணீருக்கு உப்புநீர். இந்த ஒரு வரியை கண்ணாடியில் ஒட்டி வைத்தாலும் தப்பில்லை.

சின்னத் தொட்டிதான் ஈஸி இல்லையா?

இல்லை, தலைகீழ். 20 லிட்டர் தொட்டியில் ஒரு லிட்டர் ஆவியானால் உப்பு 35-லிருந்து கிட்டத்தட்ட 37-க்குத் தாவும். 130 லிட்டர் தொட்டியில் அதே ஒரு லிட்டர் போனால் 35.3-தான். சூடு, அமோனியா எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. தண்ணீர் அதிகமிருந்தால் தவறைச் சரிசெய்ய நேரம் கிடைக்கும். மேஜை மேல் வைக்கும் குட்டித் தொட்டி, கை தேர்ந்தவர்களுக்கானது.

மூன்றடி நீளம், ஒண்ணேகால் அடி அகலம், ஒண்ணேகால் அடி உயரம் உள்ள தொட்டியில் சுமார் 130 லிட்டர் பிடிக்கும். முதல் தொட்டிக்கு இது நல்ல அளவு. ஆனால், தண்ணீர், கண்ணாடி, பாறை, ஸ்டாண்டு எல்லாம் சேர்த்து 200 கிலோ தொடும். மூன்று பேர் ராத்திரி பகலாக ஒரே இடத்தில் நிற்கிற மாதிரி. ஐடி கம்பெனிக்கு வாங்கிய கம்ப்யூட்டர் டேபிள் தாங்காது. வாடகை வீடு என்றால் ஹவுஸ் ஓனரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அடுத்த வருஷமே வீடு மாறும் எண்ணம் இருந்தால், தொட்டியை அந்த வீட்டுக்குப் போன பிறகு தொடங்குவது நல்லது. உப்புநீர் தொட்டியை ஷிஃப்ட் செய்வது ஃப்ரிட்ஜை ஷிஃப்ட் செய்வது போல இல்லை.

வெயிலும் கரண்ட் பில்லும்

வெளிநாட்டு யூடியூப் வீடியோக்களில் ஹீட்டர் வாங்கச் சொல்வார்கள். சென்னையிலும் மதுரையிலும் பிரச்சினை நேர்மாறு. தொட்டி 25 முதல் 27 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். மே மாதத்தில் பூட்டிய ஃபிளாட்டுக்குள் தண்ணீர் 32, 33-ஐச் சாதாரணமாகத் தாண்டும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் கரைவது குறைவு. மீனுக்கோ சூட்டில் ஆக்சிஜன் அதிகம் தேவை. இரண்டும் சேர்ந்து கழுத்தை நெரிக்கும்.

தண்ணீர் மேல் காற்று படும்படி சின்ன ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். கடலோர ஊர்களின் புழுக்கத்தில் அது அவ்வளவாக எடுபடாது. தண்ணீரும் வேகமாக ஆவியாகும். நிரந்தரத் தீர்வு சில்லர்தான். தொட்டியை விடச் சில்லருக்கு அதிகம் செலவாவது சகஜம். பட்ஜெட் போடும்போது இதை விட்டுவிட்டுப் போடுகிறவர்கள் ஏப்ரலில் மாட்டிக்கொள்கிறார்கள்.

கரண்ட் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். பம்ப், அலை உண்டாக்கும் மோட்டார், கழிவை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மர் மூன்றும் சேர்த்து 40 வாட் என்று வைத்துக்கொண்டால், 24 மணி நேரமும் ஓட இரண்டு மாதத்துக்கு சுமார் 58 யூனிட். 50 வாட் லைட் தினமும் 8 மணி நேரம் எரிந்தால் 24 யூனிட். 200 வாட் சில்லர் தினமும் 10 மணி நேரம் ஓடினால் 120 யூனிட். மொத்தம் 200 யூனிட் பக்கம். தமிழகத்தில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதைப் போல இரண்டு மடங்கைத் தொட்டி மட்டுமே தின்றுவிடும். யூனிட் கூடக்கூட ஸ்லாபும் மாறும்.

கரண்ட் போனால்? நீரோட்டம் நின்றதும் ஆக்சிஜன் குறையத் தொடங்கும். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும். இன்வெர்ட்டர் இருந்தால் லைட்டை விட்டுவிட்டு அலை மோட்டாரை மட்டும் அதில் இணைக்கலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையின் சில பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. டிசம்பர் மாதச் சென்னையில் தொட்டி வைப்பவர் அதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பாதுகாப்புக்கு ஒரு வார்த்தை: உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். வயர் பிளக்கைத் தொடும் முன் கீழே ஒரு வளைவு தொங்கும்படி விடுங்கள். வழிந்து வரும் நீர் அங்கேயே சொட்டிவிடும். தொட்டி இணைப்புக்கு ஆர்சிசிபி இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் பார்க்கச் சொல்லுங்கள்.

அந்தப் பாறை எங்கிருந்து வருகிறது?

வெளிநாட்டு வீடியோக்களில் ‘லைவ் ராக்’ என்று ஒன்று வரும். பாக்டீரியாவும் சிற்றுயிர்களும் குடியிருக்கும் பாறை. இங்கே யாராவது ‘ராமநாதபுரம் பக்கத்துலேர்ந்து வந்த ஒரிஜினல் லைவ் ராக்’ என்று விற்றால், வாங்காமல் நகர்ந்துவிடுங்கள். காரணம் இரண்டு.

ஒன்று, சட்டம். 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-ல் பவளங்கள், கடல் விசிறிகள், கடல் குதிரை, கடல் அட்டை எல்லாம் சேர்க்கப்பட்டன. புலியும் யானையும் இருக்கும் அதே அட்டவணை. மீறினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. ‘செத்த பவளம்தானே’ என்பது அங்கே எடுபடாது.

இரண்டாவது, மனசாட்சி. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பகுதி. சுண்ணாம்புக்காகப் பல ஆண்டுகள் அங்கே பவளத்தை வெட்டி எடுத்தார்கள். இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. பவளம் வெட்டியதும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. 1998, 2010, 2016 ஆண்டுகளில் கடல் சூடேறி அங்குள்ள பவளங்கள் வெளுத்தன. இப்படித் தத்தளிக்கும் இடத்திலிருந்து ஒரு துண்டை உடைத்து ஹாலில் வைப்பது அழகு ஆகாது.

மாற்று சுலபம். பீங்கானிலும் சிமென்ட் கலவையிலும் செய்த செயற்கைப் பாறைகள் கிடைக்கின்றன. துளைகள் நிறைந்த பாறையாக இருந்தால் பாக்டீரியா குடியேறும். கொஞ்சம் நாள் கூடுதலாகும், அவ்வளவுதான். உயிருள்ள பவளம் வளர்ப்பது தனிப் படிப்பு. வெளிநாட்டுப் பவளத்துக்கும் ஆவணம், பதிவு என்று விதிகள் இருக்கின்றன. முதல் வருஷம் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

முதல் மீன் எது?

நீமோவே சரி. கோமாளி மீன் திடமானது, கொடுத்ததைத் தின்னும், தொட்டிக்குள்ளேயே முட்டையும் வைக்கும். இரண்டு குட்டிகளாகச் சேர்த்து வாங்கலாம். எல்லாக் கோமாளி மீனும் பிறக்கும்போது ஆண்தான். இரண்டில் பெரிதாக வளர்ந்து அதிகாரம் செய்வது பெண்ணாக மாறும். மற்றது ஆணாகவே இருந்துவிடும். ஜோடி தேடி அலைய வேண்டியதில்லை.

ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வையுங்கள். நல்ல பராமரிப்பில் கோமாளி மீன் 20 ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடியது. இன்று வாங்கும் மீன், இன்னும் பிறக்காத உங்கள் குழந்தை கல்லூரிக்குப் போகும்வரை கூட வரலாம். நாய் வாங்கும்போது யோசிக்கிற அளவாவது இதற்கும் யோசிக்க வேண்டாமா?

முதல் தொட்டிக்கு வேண்டாதவை:

• கடல் சாமந்தி: படத்தில் நீமோவின் வீடு அதுதான். ஆனால், தொட்டியில் கோமாளி மீனுக்கு அது கட்டாயமில்லை. அதற்குப் பலமான வெளிச்சமும் பல மாதம் பழகிய தண்ணீரும் வேண்டும். புதுத் தொட்டியில் செத்து அழுகினால் கூட இருக்கும் எல்லாவற்றையும் கொண்டுபோய்விடும்.

• நீல டாங், அதாவது ‘டோரி’: கடையில் இரண்டு அங்குலம் இருக்கும். வளர்ந்தால் ஓர் அடி வரும். நாள் முழுக்க நீந்தித் திரிகிற மீனுக்கு மூன்றடித் தொட்டி ஜெயில்.

• மாண்டரின் மீன்: பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. பெரும்பாலும் உயிருள்ள சிற்றுயிர்களையே தின்னும். புதுத் தொட்டியில் அவை இருக்காது. நாலு வாரம் மெல்ல மெல்லப் பட்டினி கிடந்து சாகும்.

வாங்கி வந்ததும் பையை 15, 20 நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டு சூட்டைச் சமன் செய்யுங்கள். பிறகு தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துப் பழக்குங்கள். பை தண்ணீரை உள்ளே ஊற்றாதீர்கள். முடிந்தால் சில வாரம் தனியாக ஒரு சின்னத் தொட்டியில் குவாரண்டைன். கொரோனா காலத்தைத் தாண்டி வந்தவர்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. வெள்ளைப்புள்ளி நோய் ஒருமுறை பிரதான தொட்டிக்குள் வந்துவிட்டால் விரட்ட மாதங்கள் ஆகும்.

எங்கே பிறந்த மீன்?

கடையில் இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் ரொம்பக் குறைவு. கேட்க வேண்டிய முதல் கேள்வியே இதுதான்.

கொளத்தூர்க் கடைகளில் பார்க்கும் கப்பி, ஏஞ்சல், கோல்ட் ஃபிஷ் எல்லாம் பண்ணையில் பிறந்தவை. கடல் அலங்கார மீன்களின் நிலைமை வேறு. அவற்றில் பெரும்பாலானவை இன்றும் பவளப்பாறையிலிருந்து பிடித்துவரப்படுபவைதான். நீல டாங்கைக் கூட 2016-ல்தான் ஆராய்ச்சியாளர்கள் முதல் முறையாகத் தொட்டியில் இனப்பெருக்கம் செய்து வளர்த்துக் காட்டினார்கள். பிலிப்பைன்ஸிலும் இந்தோனேசியாவிலும் சயனைடைப் பீய்ச்சி மீனை மயங்க வைத்துப் பிடிக்கும் பழக்கம் பல காலம் நடந்தது. இரு நாட்டிலும் அதற்குத் தடை இருக்கிறது. அப்படிப் பிடித்த மீன் கடையில் பளபளவென்று நீந்தும், சில வாரத்தில் காரணம் தெரியாமல் சாகும். சயனைடு பட்ட பவளமும் சாகும்.

கடலில் பிடிப்பதெல்லாம் பாவம் என்றும் சொல்லிவிட முடியாது. இலங்கை முதல் பிலிப்பைன்ஸ் வரை கைவலையால் அளவோடு பிடித்து அதில் குடும்பம் நடத்தும் மூழ்கு மீனவர்கள் இருக்கிறார்கள். பவளப்பாறை உயிரோடு இருந்தால்தான் அவர்களுக்குச் சோறு. அதைக் காப்பதற்கு அவர்களுக்கு ஒரு காரணமும் இருக்கிறது. இந்த வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால், கொளத்தூரில் நிற்கும் வாடிக்கையாளருக்கு எந்த மீன் வலையில் வந்தது, எது சயனைடில் வந்தது என்று கண்டுபிடிக்க வழியில்லை. வழியில்லாதபோது, சந்தேகத்துக்கு இடமில்லாததைத் தேர்ந்தெடுப்பதுதான் முறை.

அது கிடைக்கவும் செய்கிறது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் முறையை உருவாக்கியிருக்கிறது. அதன் மண்டல மையம் ஒன்று நம்ம மண்டபத்திலேயே இருக்கிறது. பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்திலும் இந்த வேலை நடந்திருக்கிறது. லட்சத்தீவின் அகத்தியில் உள்ளூர்ப் பெண்கள் கடல் அலங்கார உயிரினங்களை வளர்க்கப் பயிற்சி பெற்றார்கள். பண்ணையில் பிறந்த மீன் தொட்டியிலேயே கண் விழித்தது. தீவனம் தின்னப் பழகியது. பயணக் களைப்பும் குறைவு. ஒரு நூறு ரூபாய் கூடுதலாகக் கேட்டாலும் அதுவே லாபம்.

‘இது பண்ணையில் பிறந்ததா?’ என்று பத்து வாடிக்கையாளர் கேட்டால், பதினோராவது வாடிக்கையாளர் வருவதற்குள் கடைக்காரர் அதை வரவழைத்துவிடுவார். வியாபாரத்தை மாற்ற இதைவிடச் சுலபமான வழி இல்லை.

ஊருக்குப் போனா யார் பார்ப்பாங்க?

பொங்கலுக்கு நாலு நாள் லீவு. பஸ் டிக்கெட் போட்டாச்சு. தொட்டியை என்ன செய்வது?

சாப்பாட்டைப் பற்றி ரொம்பக் கவலை வேண்டாம். நன்றாக இருக்கும் வளர்ந்த கோமாளி மீன் மூன்று நாலு நாள் பட்டினியைத் தாங்கும். ‘பாவம், பசிக்கும்’ என்று பக்கத்து வீட்டுக்காரர் டப்பாவோடு கொட்டுவதுதான் ஆபத்து. உண்மையான பிரச்சினை ஆவியாதலும் கரண்டும். ஆவியாகும் நீரைத் தானாக நிரப்பும் ஆட்டோ டாப்-ஆஃப் கருவியை இதற்காகத்தான் வைக்கிறார்கள். தொட்டி வாங்கும் முன்பே ஒரு நண்பரையோ, வீட்டு செக்யூரிட்டி அண்ணனையோ ‘மோட்டார் ஓடுதான்னு மட்டும் பார்த்துக்குங்க’ என்று சொல்லி ஏற்பாடு செய்ய முடியுமா என்று யோசியுங்கள்.

மற்றபடி அன்றாட வேலை பயப்படும் அளவு இல்லை. தினமும் பத்து நிமிடம்: தீவனம், சூடு, தண்ணீர் மட்டம். வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம்: 10 சதவீதத் தண்ணீர் மாற்றம், கண்ணாடி துடைப்பு, ஸ்கிம்மர் கழுவல், டெஸ்ட். ஓடிடி-யில் ஒரு எபிசோட் பார்க்கும் நேரம். ஆனால், மூன்று வாரம் சேர்த்து வைத்து ஒரே நாளில் செய்ய முடியாது என்பதுதான் வித்தியாசம்.

யார் தொடங்க வேண்டாம்?

ஆன்சைட் போகும் வாய்ப்பு இருப்பவர்கள், ஒரு வருஷத்துக்குள் வீடு மாறப்போகிறவர்கள், மாதத்தில் பாதி நாள் டூரில் இருப்பவர்கள், சில்லர் வாங்கப் பட்ஜெட் இல்லாதவர்கள் இப்போதைக்குத் தள்ளிப்போடலாம். செடிகள் வைத்த நன்னீர்த் தொட்டி அழகில் குறைந்ததில்லை. செலவும் தவறுக்கான தண்டனையும் குறைவு. அதில் ஒரு வருஷம் கை பழகிவிட்டு உப்புநீருக்கு வருபவர்கள் அதிகம் தோற்பதில்லை.

மற்றவர்களுக்கு ஒரு யோசனை. சம்பளம் வந்த வாரமே எல்லாவற்றையும் வாங்கிவிடாதீர்கள். முதல் மாதம் தொட்டி, ஸ்டாண்டு, பாறை, உப்பு, டெஸ்ட் கிட். அடுத்த ஆறு வாரம் சைக்கிளிங். அது முடிந்த பிறகு இரண்டு மீன். அவை நன்றாகத் தின்று திரிவதை ஒரு மாதம் பார்த்துவிட்டு, தேவையென்றால் மூன்றாவது. செலவும் பிரியும், அவசரமும் குறையும்.

தொட்டியையும் மீனையும் ஒரே நாளில் விற்கும் கடைகள் மீது தப்பு இருக்கிறது. ஆனால், வாங்கும் கை நின்றால் விற்கும் கை தானாக நிற்கும். செத்த மீனுக்குப் பதில் வாங்கும் ஒவ்வொரு மீனும் ஏதோ ஒரு பவளப்பாறையில் ஒரு காலி இடம். இரண்டு மீனைச் சரியாக வளர்ப்பவரிடம் அந்தக் காலி இடத்துக்குக் கணக்கு இருக்காது.

ஆறு வாரம் கழித்து ஒருநாள் காலை, ஆபீஸுக்குக் கிளம்பும் அவசரத்தில் டெஸ்ட் குழாயைத் தூக்கிப் பார்ப்பீர்கள். அமோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம். தொட்டியில் இன்னமும் ஒரு மீன்கூட இருக்காது. ஆனால், கடைக்குப் போகும் சனிக்கிழமை அன்றைக்குத்தான் வந்திருக்கும்.